உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எந்த கிராஃபிக்ஸ் கார்டு? கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

"என்ன கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருக்க?" என்று யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் பதில் வரும். "2 ஜிபி கார்டுண்ணா." "4 ஜிபி கார்டு சார்." என்ன வண்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டால் "பத்து லிட்டர் டேங்க்" என்று சொல்வது போலத்தான் இது. டேங்க் அளவும் தெரிய வேண்டியதுதான். ஆனால் அதை வைத்து அது ஸ்கூட்டரா புல்லட்டா என்று சொல்ல முடியாது.

கிராஃபிக்ஸ் கார்டு விஷயத்தில் இதனால் நிஜமாகவே பணம் போகிறது. 4 ஜிபி என்று சொல்லி விற்கப்படும் பழைய ஜிடி 730-உம், 4 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1650-உம் வேகத்தில் மலையும் மடுவும். சரியான பதிலுக்கு நான்கு விஷயம் வேண்டும்: சிப் யாருடையது, அதன் மாடல் எது, மெமரி எவ்வளவு, அந்த மெமரி என்ன வகை. லேப்டாப்பாக இருந்தால் ஐந்தாவதாக ஒன்று, எத்தனை வாட். இந்த நான்கும் ஒரே இடத்தில் முழுதாகக் கிடைப்பது அரிது. ஒவ்வொரு வழியும் கொஞ்சம் காட்டும், கொஞ்சம் மறைக்கும். அதனால் சுலபமான வழியில் தொடங்கி, நம்பகமான வழி வரை வரிசையாகப் போவோம்.

முதலில், தனி கார்டு இருக்கிறதா?

எல்லா கம்ப்யூட்டரிலும் தனி கார்டு இருக்காது. ஆபீஸ் வேலைக்கு வாங்கும் பெட்டிகளில் திரையைக் காட்டும் வேலையைப் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு பகுதி செய்துவிடும். இன்டெல் யுஎச்டி 630, யுஎச்டி 730 என்று வருவதெல்லாம் அந்த வகை. அதற்கென்று தனி மெமரி கிடையாது, ரேமில் இருந்து கடன் வாங்கித்தான் ஓடும்.

பிராசஸரின் பெயரே ஒரு துப்பு. இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக ஐ5 12400எஃப், உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் படம் வருகிறது என்றாலே தனி கார்டு இருக்கிறது என்று பொருள். ஏஎம்டியில் இது தலைகீழ். ரைசன் 5000 வரிசையில் 5600ஜி போல 'ஜி' இருந்தால்தான் உள்ளே கிராஃபிக்ஸ் உண்டு, 5600எக்ஸில் கிடையாது. 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் சின்னதாக ஒன்றை வைத்துவிட்டார்கள்.

டெஸ்க்டாப் என்றால் எழுந்து போய் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள், அதுவே போதும். மேலே யுஎஸ்பி, நெட்வொர்க் கேபிள் செருகும் துளைகளோடு சேர்ந்து இருக்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டினுடையது. அதற்குக் கீழே, தனியாக ஒரு உலோகப் பட்டையில் குறுக்காக எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் துளைகள் இருந்தால் அது தனி கார்டு.

பார்க்கும்போதே மானிட்டர் கேபிள் எதில் செருகியிருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். என் மச்சான் ஒரு மாதம் "கார்டு சரியில்லை, கேம் திக்குது" என்று புலம்பிக்கொண்டிருந்தான். போய்ப் பார்த்தால், கேபிளை மதர்போர்டில் செருகி வைத்திருக்கிறான். புது கார்டு பெட்டிக்குள் காற்றாடியைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. பெட்டியைத் தொடாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால், மானிட்டர் எந்த கிராஃபிக்ஸோடு இணைந்திருக்கிறது என்று பெயரோடு எழுதியிருக்கும்.

பத்து வினாடி வழி: டாஸ்க் மேனேஜர்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறியதாகத் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தட்டுங்கள். பெர்ஃபாமன்ஸ் பகுதிக்குப் போய் இடதுபக்கப் பட்டியலைக் கீழே இழுத்தால் ஜிபியு 0 என்று ஒன்று இருக்கும். ஜிபியு என்பது கிராஃபிக்ஸ் சிப்பின் சுருக்கப் பெயர். இரண்டு இருந்தால் ஜிபியு 1-உம் வரும். ஒவ்வொன்றையும் தட்டினால் வலது மேல் மூலையில் பெயர் தெரியும்.

இந்தப் பகுதி 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில்தான் சேர்ந்தது. அதற்கு முந்தைய விண்டோஸ் என்றால் தேடவே வேண்டாம். புதிய விண்டோஸாக இருந்தும் ஜிபியு என்ற வரியே காணவில்லை என்றால், டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள், மிகப் பழையது அல்லது டிரைவரே இல்லை.

இங்கே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். கீழே 'டெடிகேட்டட் ஜிபியு மெமரி', 'ஷேர்டு ஜிபியு மெமரி' என்று இரண்டு எண்கள் வரும். முதலாவதுதான் கார்டிலேயே பொருத்தப்பட்ட மெமரி. இரண்டாவது, அவசரத்துக்கு ரேமில் இருந்து எடுத்துக்கொள்ள விண்டோஸ் கொடுத்திருக்கும் உச்சவரம்பு. வழக்கமாக ரேமில் பாதி. 16 ஜிபி ரேம் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் அங்கே 8 ஜிபி அளவில் ஒரு எண் நிற்கும். அதைக் காட்டி "8 ஜிபி கிராஃபிக்ஸ்" என்று விற்பவர்கள் உண்டு. இரண்டையும் கூட்டி மொத்தமாகவும் ஒரு எண் வரும், அதையும் மறந்துவிடுங்கள்.

டைரக்ட்எக்ஸ் கண்டறியும் கருவி

இது பழைய ஆள், விண்டோஸ் 7-இலும் வேலை செய்யும். விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தினால் சின்னப் பெட்டி வரும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். டிஸ்ப்ளே என்ற தாவலில் பெயர், தயாரிப்பாளர், மெமரி எல்லாம் இருக்கும். லேப்டாப்பில் இரண்டாவது கிராஃபிக்ஸ் 'ரெண்டர்' என்ற தாவலில் ஒளிந்திருக்கும். டிஸ்ப்ளே தாவலை மட்டும் பார்த்துவிட்டு "என் லேப்டாப்பில் என்விடியாவே இல்லை" என்று பதறுகிறவர்கள் அந்தத் தாவலையும் திறந்து பாருங்கள்.

மெமரி கூட்டுத்தொகைப் பொறி இங்கேயும் இருக்கிறது. 'அப்ராக்ஸ் டோட்டல் மெமரி' என்பதை விட்டுவிட்டு, 'டிஸ்ப்ளே மெமரி' என்ற வரியைப் படியுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது கீழே இருக்கும் 'சேவ் ஆல் இன்ஃபர்மேஷன்' பொத்தான். எல்லா விவரத்தையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமித்துவிடும். வெளியூரில் இருக்கும் யாராவது உதவி கேட்டால், அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். திரையைப் போனில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்புவதைப் படித்துக் கண் நோகாமல் இருக்கும்.

டிவைஸ் மேனேஜர்: பெயர் வராதபோது எண் பேசும்

மேலே சொன்ன இரண்டும் டிரைவர் சரியாக இருந்தால்தான் உதவும். புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரில், கார்டின் பெயர் வரவேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று நிற்கும். அப்படி ஒரு கார்டு கிடையாது. "இது என்ன கார்டு என்று எனக்குத் தெரியவில்லை, ஏதோ படத்தை மட்டும் காட்டுகிறேன்" என்று விண்டோஸ் கையை விரிக்கிறது, அவ்வளவுதான். டிரைவர் போட வேண்டும். ஆனால் எந்த டிரைவர் என்று தெரிய கார்டு பெயர் வேண்டும். பெயர் தெரிய டிரைவர் வேண்டும். இந்தச் சுற்றை உடைக்கத்தான் டிவைஸ் மேனேஜர்.

ஸ்டார்ட் பொத்தானை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதை விரித்து, உள்ளே இருப்பதை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ். மேலே டீடெய்ல்ஸ் தாவல். அதில் ஒரு இறங்கு பட்டியல் இருக்கும். 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமாக, பார்த்தாலே விட்டுவிடத் தோன்றும் சில வரிகள் வரும். முதல் வரி மட்டும் போதும்.

அதில் வி, இ, என் என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம் சிப் நிறுவனத்தைச் சொல்லும். 10டிஇ என்றால் என்விடியா. 1002 என்றால் ஏஎம்டி. 8086 என்றால் இன்டெல். 1978-இல் வந்து அவர்களுக்குப் பெரும் பெயர் வாங்கிக் கொடுத்த பிராசஸரின் எண்ணையே அடையாளமாக வாங்கிக்கொண்டார்கள். 1002 உண்மையில் ஏடிஐ நிறுவனத்தின் எண். 2006-இல் ஏஎம்டி அந்த நிறுவனத்தை வாங்கியது. ரேடியான் கார்டுகள் இன்றும் அந்தப் பழைய எண்ணைத்தான் சுமக்கின்றன.

அடுத்து டி, இ, வி என்பதற்குப் பின்னால் நான்கு இலக்கம். இது மாடல். 1சி82 என்றால் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 1சி03 என்றால் 6 ஜிபி உள்ள ஜிடிஎக்ஸ் 1060. 1சி02 என்றால் 3 ஜிபி உள்ள 1060. மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நிறுவன எண்ணையும் மாடல் எண்ணையும் சேர்த்து கூகுளில் போட்டால் பெயர் வந்துவிடும்.

மூன்றாவதாக 'சப்சிஸ்' என்று எட்டு இலக்கம் வரும். அதன் கடைசி நான்கு, கார்டைப் பலகையாகச் செய்து விற்ற நிறுவனம். 1043 ஆசுஸ், 1458 கிகாபைட், 1462 எம்எஸ்ஐ, 19டிஏ ஜோடாக். சிப் செய்கிறவர் வேறு, கார்டு செய்கிறவர் வேறு என்பது பலருக்குக் குழப்பம். "என்னுடையது ஜோடாக் கார்டு" என்பதும் "என்னுடையது என்விடியா கார்டு" என்பதும் ஒரே கார்டைப் பற்றி இருக்கலாம். டிரைவருக்கு என்விடியாவின் தளத்துக்குப் போக வேண்டும். வாரண்டிக்கு ஜோடாக்கிடம் போக வேண்டும்.

வேறு ஊரில் இருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்து பார்க்கிறீர்கள் என்றால், பட்டியலில் 'ரிமோட் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றும் ஒன்று வரலாம். அது கார்டு அல்ல.

ஜிபியு-இசட்: ஒரே பெயரில் மூன்று கார்டு

இப்போது பெயர் தெரிந்துவிட்டது. விஷயம் முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் இந்தத் துறையில் பெயர் வைக்கிறவர்கள் கொஞ்சம் விளையாட்டுப் பிள்ளைகள்.

2014-இல் வந்த ஜிடி 730-ஐ எடுத்துக்கொள்வோம். பழைய கார்டு சந்தையில் இன்றும் சாதாரணமாகக் கிடைப்பது. இந்த ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு கார்டுகள் உண்டு. ஒன்றில் ஃபெர்மி என்ற பழைய தலைமுறைச் சிப், 96 கோர் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 128 பிட் (மெமரிப் பாதையின் அகலம்) டிடிஆர்3 மெமரி. இன்னொன்றில் அதற்கு அடுத்த தலைமுறையான கெப்ளர் சிப், 384 கோர், 64 பிட் டிடிஆர்3. மூன்றாவதில் அதே கெப்ளர், அதே 384 கோர், ஆனால் ஜிடிடிஆர்5 மெமரி. இரண்டாவதன் மெமரி வினாடிக்கு 14.4 ஜிபி தரவைக் கடத்தும். மூன்றாவது 40 ஜிபி. பெட்டியில் பெரிய எழுத்தில் "4 ஜிபி" என்று போட்டிருப்பது பெரும்பாலும் மெதுவான டிடிஆர்3 வகை. 2 ஜிபி ஜிடிடிஆர்5 கார்டு அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஜிபியைக் கேட்டு கார்டு வாங்காதீர்கள் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

ஜிடி 1030-இலும் இதே கதை. 2017-இல் ஜிடிடிஆர்5-ஓடு வந்தது, வினாடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 போட்டு விட்டார்கள், 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்குதான் தேறும். மேலே சொன்ன 1060-இல் 3 ஜிபி, 6 ஜிபி வித்தியாசம் மெமரியில் மட்டும் இல்லை. கோர்களும் 1152, 1280 என்று வேறு. ஆர்டிஎக்ஸ் 3060-இல்கூட 12 ஜிபிக்கு 192 பிட் பாதை, பின்னால் வந்த 8 ஜிபிக்கு 128 பிட். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4080 என்று இரண்டு வெவ்வேறு சிப்புகளை அறிவித்தபோது மட்டும் ஊரே சத்தம் போட்டது. 12 ஜிபி வகையை என்விடியா பின்வாங்கி, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் விற்றது. விலை குறைந்த கார்டுகளுக்காக யாரும் அப்படிச் சத்தம் போடுவதில்லை.

இந்த வித்தியாசங்களை ஒரே திரையில் காட்டும் இலவச மென்பொருள் ஜிபியு-இசட். டெக்பவர்அப் என்ற தளம் வெளியிடுவது, அங்கிருந்தே இறக்குங்கள். இன்ஸ்டால் செய்யாமலேயே ஓடும். திறந்ததும் கட்டம் கட்டமாக விவரம் கொட்டும். எல்லாம் வேண்டாம், இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் கீழே உள்ள சிறு பட்டியலில் சரியான கார்டு தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் இருந்தால் வேறொன்றின் விவரத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். பிறகு 'ஜிபியு' என்ற கட்டம்: சிப்பின் உண்மையான சங்கேதப் பெயர் இங்கே இருக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்றால் ஜிபி107 என்று வர வேண்டும். அடுத்து 'ஷேடர்ஸ்': கோர் எண்ணிக்கை. 1050 டிஐக்கு 768. அடுத்து 'மெமரி டைப்', 'பஸ் விட்த்', 'மெமரி சைஸ்': ஜிடிடிஆர்5, 128 பிட், 4096 எம்பி. இந்த எண்களை நிறுவனத்தின் தளத்தில் உள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால் வேலை முடிந்தது.

'பஸ் இன்டர்ஃபேஸ்' என்ற கட்டம் கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையிலான தரவுப் பாதையைக் காட்டுவது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கார்டு 3.0 வேகம் உள்ளது, ஆனால் இப்போது 1.1-இல் ஓடுகிறது என்று காட்டும். வேலை இல்லாதபோது மின்சாரம் மிச்சம் பிடிக்க அது தானே இறங்கிக்கொள்ளும். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியைத் தட்டிச் சோதனையை ஓடவிட்டால் ஏறிவிடும். சோதனை ஓடும்போதும் 16 பாதைக்குப் பதில் 4 என்று நின்றால், கார்டைத் தவறான ஸ்லாட்டில் செருகியிருக்கலாம். எல்லா கார்டும் 16 பாதை அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 இரண்டும் பிறப்பிலேயே 8, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4.

என்விடியா கார்டு என்றால் எதையும் இறக்காமலேயே இதில் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற இணைப்பைத் தட்டுங்கள். கோர், மெமரி வகை, பிட் அளவு எல்லாம் இருக்கும். ஏஎம்டிக்கு அட்ரினலின் மென்பொருளில் இதே போன்ற பக்கம் உண்டு.

போலிகள்

மேலே சொன்ன எல்லா வழிகளும், கார்டு தன்னைப் பற்றி உண்மை சொல்கிறது என்று நம்பித்தான் நடக்கின்றன. கார்டில் உள்ள பயாஸ் சிப்பில் எழுதியிருப்பதை விண்டோஸ் அப்படியே படித்துக் காட்டும். அந்த பயாஸையே மாற்றி எழுதிவிட்டால்?

அதைத்தான் செய்கிறார்கள். 2010-இல் வந்த ஜிடிஎஸ் 450, 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற கிழட்டு கார்டுகளில் பயாஸை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும்படி செய்து, புதுக் காற்றாடி, புதுப் பெட்டியோடு ஆன்லைனில் மலிவாக விற்பார்கள். டாஸ்க் மேனேஜரிலும் டிவைஸ் மேனேஜரிலும் 1050 டிஐ என்றே தெரியும். கேம் திறந்ததும்தான் திரை கறுத்துப் போகும். எனக்கும் ஒருமுறை அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பும் கெடு முடிந்த மறுநாள்தான் சந்தேகமே வந்தது. அதிலிருந்து கார்டு வந்த அன்றே ஜிபியு-இசட் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

2018-இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து ஜிபியு-இசட் இந்த மோசடியைப் பிடிக்கிறது. போலி என்விடியா கார்டு என்றால், பெயருக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் போலி என்பதற்கான ஆங்கிலச் சொல் நிற்கும், எச்சரிக்கை முக்கோணமும் வரும். அது வராவிட்டாலும் கோர் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். 768 இருக்க வேண்டிய இடத்தில் 192 இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

மென்பொருள் இல்லாமலும் ஒரு அடையாளம் உண்டு: நீல நிற விஜிஏ துளை. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் இருந்து என்விடியா சிப்புகள் விஜிஏவுக்குத் தேவையான அனலாக் சிக்னலைத் தாமாக வெளியிடுவதில்லை. ஆகவே 1050 டிஐ என்று சொல்லப்படும் கார்டின் பின்னால் விஜிஏ இருந்தால், பணம் கொடுக்கும் முன் ஒரு முறை அல்ல, மூன்று முறை யோசியுங்கள்.

லேப்டாப் கதை தனி

லேப்டாப்பில் பெரும்பாலும் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க சாதாரண வேலைக்குப் பிராசஸரில் உள்ளது, கனமான வேலைக்குத் தனியானது. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 இரண்டையும் தட்டிப் பாருங்கள். சில லேப்டாப்களில் மின்சாரச் சிக்கன நிலை என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் தனி கிராஃபிக்ஸ் முழுதாக அணைந்து, டிவைஸ் மேனேஜரில் இருந்தே காணாமல் போய்விடும். கெட்டுப்போயிற்று என்று சர்வீஸ் சென்டருக்கு ஓடும் முன், தயாரிப்பாளர் கொடுத்த கன்ட்ரோல் மென்பொருளைத் திறந்து அந்த நிலையை மாற்றிப் பாருங்கள்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் லேப்டாப் சிப்பும் டெஸ்க்டாப் சிப்பும் வேறு. 40 வரிசையின் உச்சியில் இருக்கும் ஆர்டிஎக்ஸ் 4090-ஐப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் 16384 கோர், 24 ஜிபி. லேப்டாப்பில் 9728 கோர், 16 ஜிபி. விண்டோஸ் லேப்டாப் வகையை 'லேப்டாப் ஜிபியு' என்ற பின்னொட்டோடு காட்டும். கடை விளம்பரம் அந்த இரண்டு சொல்லை வசதியாக விழுங்கிவிடும்.

அப்புறம் வாட் கணக்கு. லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 3060 என்றால் 60 வாட்டில் இருந்து 115 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம். லேப்டாப் தயாரிப்பவர் எவ்வளவு சூட்டைத் தாங்கும்படி செய்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மெலிசான லேப்டாப்பில் உள்ள அதே பெயர்ச் சிப் தடிமனான லேப்டாப்பில் உள்ளதைவிட மெதுவாகத்தான் ஓடும். என்விடியாவின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் 'மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்' என்ற வரியில் இந்த எண் இருக்கும். லேப்டாப் வாங்கப் போகும்போது கடையிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், காசு உங்களுடையது.

தனி கிராஃபிக்ஸ் இல்லாத லேப்டாப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. பதினொன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 லேப்டாப் வாங்கினேன், பெட்டியில் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று ஸ்டிக்கர் இருக்கிறது, உள்ளே பார்த்தால் வெறும் 'யுஎச்டி கிராஃபிக்ஸ்' என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்பார்கள். ஏமாற்றவில்லை. ரேம் ஒரே குச்சியாக இருந்தால் டிரைவர் அப்படித்தான் பெயர் காட்டும். இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு ரேம் போட்டு இரட்டைச் சேனல் ஆக்கினால் பெயர் ஐரிஸ் எக்ஸ்இ என்று மாறும், வேகமும் கூடும். ஏஎம்டியில் பெயரே மொட்டையாக 'ரேடியான் கிராஃபிக்ஸ்' என்று மட்டும் வரும் பல பிராசஸர்கள் உண்டு. அங்கே பிராசஸரின் மாடலை வைத்துத்தான் உள்ளே இருப்பது எது என்று தேட வேண்டும்.

கம்ப்யூட்டரே ஓடவில்லை என்றால்

மின்சாரத்தை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியை ஒரு முறை தொட்டுவிட்டு பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். கார்டின் காற்றாடிப் பக்கத்தில் பெரிதாக எழுதியிருக்கும் 'ஜிஃபோர்ஸ்', 'ரேடியான்' எல்லாம் அலங்காரம். எந்த மாடல் என்று சொல்லாது. மறுபக்கம், பச்சை அல்லது கறுப்புப் பலகையில் பார்கோடு உள்ள வெள்ளை ஸ்டிக்கரைத் தேடுங்கள். மாடல் எண், சீரியல் எண் அதில் இருக்கும். கார்டைக் கழற்ற வேண்டுமானால் பின்பட்டையின் திருகை எடுத்து, ஸ்லாட்டின் ஓரத்தில் உள்ள பிளாஸ்டிக் கொக்கியை அழுத்திக்கொண்டே தூக்குங்கள். கொக்கியை அழுத்தாமல் இழுத்து ஸ்லாட்டை உடைத்தவர்கள் பலர்.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் மின் இணைப்பைப் பாருங்கள். தனி கேபிள் எதுவும் இல்லாத கார்டு, ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் சிறிய கார்டு. ஆறு முள் இணைப்பு இன்னொரு 75 வாட் தரும், எட்டு முள் 150 வாட். இது மாடலைச் சொல்லாது, ஆனால் எந்த எடை வகுப்பு என்று சொல்லிவிடும். சிப்பின் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கைக் கழற்றினால் சிப்பின் முதுகிலேயே சங்கேதப் பெயர் பொறித்திருக்கும். 1050 டிஐ என்றால் ஜிபி107-400. வாரண்டி உள்ள கார்டில் இந்த அளவுக்குப் போகாதீர்கள்.

லினக்ஸ், மேக்

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து எழுத்துகளையும் சிறிய எழுத்தில் சேர்த்து அடியுங்கள். வரும் பட்டியலில் விஜிஏ அல்லது 3டி என்ற சொல் உள்ள வரிதான் உங்கள் கார்டு. ஒரு இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் இரண்டு என் எழுத்துகளும் சேர்த்தால், டிவைஸ் மேனேஜரில் பார்த்த அதே எண்களும் வரும். உபுண்டுவில் செட்டிங்ஸ் உள்ளே சிஸ்டம் விவரப் பக்கத்தில் கிராஃபிக்ஸ் என்ற வரி இருக்கும். அதில் 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால் கார்டு வேலை செய்யவில்லை, பிராசஸரே படம் வரைந்துகொண்டிருக்கிறது.

மேக்கில் ஆப்பிள் சின்னத்தைத் தட்டி 'அபவுட் திஸ் மேக்'. 2020 நவம்பரில் வந்த எம்1-இல் தொடங்கி, ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் எல்லாம் ஒரே சிப்பில்தான். ஆனால் எம்1 மேக்புக் ஏரிலேயே 7 கோர் கிராஃபிக்ஸும் உண்டு, 8 கோரும் உண்டு. எது என்று சிஸ்டம் ரிப்போர்ட்டில் கிராஃபிக்ஸ் பகுதியில் தெரியும்.

தெரிந்த பெயரை வைத்து டிரைவர் எடுக்கும்போது

இங்கேதான் ஜிடி 730 மறுபடி வந்து நிற்கும். ஃபெர்மி சிப்புக்கு என்விடியா கொடுத்த கடைசி டிரைவர் 2018-இல் வந்த 391.35. கெப்ளருக்கு 470 வரிசையோடு வழக்கமான டிரைவர்கள் நின்றுவிட்டன. "புது டிரைவர் இன்ஸ்டால் ஆக மாட்டேங்குது" என்று வரும் புகார்களில் பல இதுதான். உங்களிடம் இருக்கும் 730 எது என்று பார்க்க ஹார்டுவேர் ஐடிக்குத் திரும்பிப் போங்கள். மாடல் எண் 0எஃப்02 என்றால் ஃபெர்மி, 1287 என்றால் கெப்ளர். அதற்கேற்ற டிரைவரை என்விடியா தளத்தில் கார்டு பெயரும் விண்டோஸ் பதிப்பும் கொடுத்துத் தேடி எடுங்கள். டிரைவரைத் தானாகக் கண்டுபிடித்துப் போடுகிறேன் என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களை மட்டும் உள்ளே விடாதீர்கள். அவற்றோடு வருவதைக் களைய இன்னொரு வழிகாட்டி எழுத வேண்டியிருக்கும்.